ஒரு படத்துக்கு நான்கு தலைப்பு

எனக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. யார் எதைச் சொன்னாலும் தலை தானாக ஆடும், வாய் தானாக "ஓம்" என்று சொல்லும். அதற்குப் பிறகுதான் புத்தி மெல்ல எழும்பி வந்து என்ன விசயம் என்று விசாரிக்கும். இந்தக் குணத்தால் நான் பட்ட பாடுகளைச் சொல்லப் போனால் ஒரு புத்தகம் போதாது. அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த ஒன்றே என் மானத்தைக் கல்முனையில் மூன்று நாள் சுவரில் மாட்டி வைத்திருந்தது.

இலங்கையின் கிழக்குக் கரை, எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலை. சீனிக்கும் மாவுக்கும் துண்டு எழுதிக் கொடுக்கிற நேரம் போக மீதி நேரத்தில் நான் ஓவியன். (இதை நான்தான் சொல்லிக்கொண்டேன். ஊரில் வேறு யாரும் சொன்னதாக நினைவில்லை.) அந்த வருசம் கல்முனையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் வனவிலங்கு ஓவியக் கண்காட்சி வைக்கப் போவதாக அறிவித்தார்கள். நான் உடனே யானை வரைவதென்று முடிவு செய்தேன். பெரிய ஓவியனுக்குப் பெரிய மிருகம்தானே பொருத்தம்.

முதல் தடை உம்மாவிடமிருந்து வந்தது.

"மகன், கண்ணும் மூஞ்சியும் உள்ள படம் வீட்டுக்குள்ள இரிந்தா மலக்குமார் வரமாட்டாங்க. வரையிறெண்டா மரம் மட்டையப் பாத்து வரை."

வானவர்கள் வராத வீடு யாருக்கு வேணும்? "ஓம் உம்மா," என்றேன்.

சொல்லிவிட்டு யோசித்தேன். கண்ணும் முகமும்தானே கூடாது? யானையின் பின்பக்கத்தில் அது இரண்டும் இல்லையே! அன்றைக்கு என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு வேறு வழியும் இல்லை. நான் வாழ்க்கையில் யானையைக் கண்டது ஒரே தடவை. வாப்பாவுடன் மாவடிப்பள்ளிப் பக்கம் எங்கள் வயலுக்குப் போயிருந்தபோது அது முன்னால் வந்தது. அப்போது நான் அதைப் பார்க்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு மருத மரத்தில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அது போய்க்கொண்டிருந்தது. ஆகவே யானையின் பின்புறம் எனக்கு நன்றாகத் தெரியும்.

சாய்ந்தமருதில் தோணிக்கு அடிக்கிற கறுப்புப் பெயின்டில் கொஞ்சம் வாங்கினேன். அதில் வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளையைக் கலந்தேன். நல்ல யானை நிறம் வந்தது. நாலடிப் பலகையில் வயல் வரம்பு, வளைந்து கிடக்கும் நெற்பயிர், அதன் நடுவே போகிற ஒரு பெரிய சாம்பல் நிற முதுகு, வாலில் ஒட்டிய இரண்டு கதிர். வானத்துக்கு நீலம் தேடினேன், கிடைக்கவில்லை. கதவுக்கு அடித்த மஞ்சளில் கொஞ்சம் கிடந்தது. அதை ஒரு மூலையில் பூசி முடித்தேன்.

முடித்த படத்தை வீட்டுக்குள் எடுக்க உம்மா விடவில்லை. மாமரத்தடியில் சாய்த்து வைத்தேன். என் தங்கச்சி வந்து பார்த்துவிட்டு, "நல்ல கல்லு காக்கா," என்றாள். (எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.) அடுத்த வீட்டு மாமி நெல்மூட்டை அடுக்கி வைத்திருக்கிறது என்றார். தலைமுடி வெட்டுகிறவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எருமை படுத்திரிக்கி," என்றார். (அவர் ஒருவர்தான் உயிருள்ள ஒன்று என்று கண்டுபிடித்தவர். அவருக்கு என் நன்றி என்றும் உண்டு.)

அப்போதுதான் தலைப்பு எவ்வளவு முக்கியம் என்று விளங்கியது.

என்னிடம் ஒரு தலைப்பு ஏற்கனவே இருந்தது. அந்தக் காலத்தில் நான் புதுக்கவிதையும் எழுதிக்கொண்டிருந்தேன். ஆகவே தலைப்பு 'முதுகுகள் பேசும் மௌனம்'. இதை நினைக்கும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

கண்காட்சியைப் பொறுப்பெடுத்து நடத்தியவர் காரைதீவைச் சேர்ந்த தங்கராசா மாஸ்டர். சித்திரம் படிப்பிக்கிறவர், நல்ல மனுசன், ஆனால் நேரே கதைப்பார். படத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தார்.

"தம்பி, இது என்ன?"

"யானை சேர்."

"அப்ப அதைத் தலைப்பில எழுது. மௌனம், முதுகு எண்டெல்லாம் எழுதினா பாக்க வாற சனம் இதைக் கல்லு மலையெண்டு நினைச்சுக்கொண்டு போயிடும். 'காட்டு யானை, பின்புறத் தோற்றம்' எண்டு போடு. விளங்கிச்சா?"

"ஓம் சேர்."

வீட்டுக்கு வந்து மட்டையில் அழகாக எழுதிக்கொண்டிருந்தேன். வாப்பா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். 'யா' எழுதி முடித்து 'னை'க்குப் போகும்போது என் கையைப் பிடித்துவிட்டார்.

இதை வெளியூர்க்காரருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வயலில் நின்று அந்த மிருகத்தின் பெயரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் வந்துவிடும் என்று பயம். சூடடிக்கிற களத்தில் நெல்லைக்கூட நெல் என்று சொல்லாமல் 'பொலி' என்பார்கள். அப்படியிருக்க, இவ்வளவு பெரிய ஒன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா? 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள். அந்த நேரம் வாப்பாவின் வயலில் கதிர் முற்றி நின்றது. வெட்டுக்கு இன்னும் ஒரு கிழமை.

"வேளாண்மை வெட்டி முடியிற வரைக்கும் அந்தப் பேர எழுதிறாத மகன். சொன்னாலே வருவாரு, எழுதி வெச்சாக் கேக்கவா வேணும்? 'பெரியவர் போகிறார்' எண்டு எழுது. போறாரெண்டு எழுதினா போயிடுவாரு."

"ஓம் வாப்பா."

இவ்வளவோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். அடுத்த நாள் இஸ்மாலெவ்வைப் போடியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாய்ந்தமருதில் நாலு குமர்ப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர், நிறைய வயல் உள்ளவர். அவருடைய மூத்த மகள் ஜெஸீமாவுக்கு என்னைக் கேட்டுக் கதை நடந்துகொண்டிருந்தது. ஜெஸீமாவை நான் இரண்டு தடவை பஸ் நிலையத்தில் கண்டிருக்கிறேன். இரண்டு தடவையும் அக்கரைப்பற்று பஸ்ஸைப் பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டு அவளைத்தான் பார்த்தேன். அந்தக் கல்யாணம் நடக்காவிட்டால் நான் செத்துப்போவேன் என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். ஆனால் போடியார் இன்னும் முடிவு சொல்லவில்லை. அட்டாளைச்சேனையில் நீர்ப்பாசன ஓவர்சியர் ஒருவரும் அவர் கணக்கில் இருந்தார். ஓவர்சியரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. என்னிடம் பின்புறத் தோற்றம் மட்டும்தான் இருந்தது.

போடியார் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர், மாப்பிள்ளையை விட்டுவிட்டு மாமரத்தடியில் இருந்த படத்தைப் பார்த்தார். பார்த்தவுடன் கண்டுபிடித்தார்!

"இவன்தான்! என்ட ரெண்டேக்கரத் திண்டுபோட்டுப் போனவன் இவன்தான்! இந்த வாலத்தான் நான் கண்ட நான்!"

எங்கள் வயலுக்கு அங்கால்தான் அவருடைய வயல். ஒரு மாதத்துக்கு முன்னம் பெரியவர் அதில் இறங்கித் துடைத்துவிட்டுப் போயிருந்தார். இழக்க வேண்டியதை இழந்துவிட்டதால் போடியாருக்குப் பயம் போய் ஆத்திரம் மட்டும் மிஞ்சியிருந்தது.

"தம்பி, இதுக்கு 'வேளாண்மைக் கள்ளன்' எண்டு பேர் போடுங்க. ஊரறியட்டும். நான் கண்காட்சிக்கு வந்து பாப்பன்."

நல்லவேளை வாப்பா அப்போது கடைக்குப் போயிருந்தார். பெண்ணின் தகப்பன் கேட்கிறார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது என் கையில் நான்கு தலைப்பு. மாஸ்டருக்கு ஒன்று, வாப்பாவுக்கு ஒன்று, போடியாருக்கு ஒன்று. நாலாவது என்னுடையது. (எனக்கே என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.) வேறு யாராவது என்றால் மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நான் நான்கையும் ஒரே அளவு சித்திரத் தாளில் எழுதினேன். நாட்காட்டித் தாள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் படத்துக்குக் கீழே குண்டூசியால் குத்தினேன். யார் வருகிறாரோ அவருக்குரியதை மேலே எடுத்துவிட்டு, மற்றவற்றை மடித்துச் சட்டத்துக்குப் பின்னால் செருகிவிடலாம். எவ்வளவு இலகு!

முதல் நாளும் இரண்டாம் நாளும் அமோகமாக நடந்தது. பகலில் மாஸ்டர் மண்டபத்துக்குள் திரிந்தபடியால் 'காட்டு யானை' மேலே நின்றது. பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பிறகு வாப்பா வந்தார். வாசலில் அவருடைய தொப்பியைக் கண்டதும் ஓடிப்போய் ஒரு தாளைச் செருகினேன். 'பெரியவர் போகிறார்' என்றிருந்ததை வாப்பா எழுத்துக்கூட்டி வாசித்தார். மரியாதையாக நின்று இரண்டு நிமிசம் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் என்னைப் பற்றி நினைத்ததை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் பரிசளிப்பு. பின்னேரம் பிரதம விருந்தினர் வருவார். போடியாரும் அன்றைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். வாப்பா ஏற்கனவே பார்த்துவிட்டார், இனி வரமாட்டார் என்ற தைரியத்தில் 'வேளாண்மைக் கள்ள'னை மேலே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். போடியார் வந்தார். அவருக்குப் பின்னால் ஜெஸீமா, அவளுடைய தங்கச்சி. அவர்களுக்குப் பின்னால் வாப்பா. பெண்வீட்டார் வருகிற இடத்தில் தான் நிற்காமல் இருப்பது மரியாதையில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இதைக்கூட யோசிக்காத நான் என்ன ஓவியன்?

அவர்கள் வாசலில் சலாம் சொல்லிக்கொண்டு நிற்கும்போதே மாஸ்டரின் குரல் கேட்டது.

"விருந்தினர் வரப்போறார், அந்த ஃபேனைப் போடுங்கோ!"

விருந்தினருக்கென்று எங்கேயோ இரவல் வாங்கிய, ஆளுயரத்துக்கு நிற்கிற மின்விசிறி அது. கழுத்தை இடமும் வலமும் திருப்பித் திருப்பி வீசும். சரியாக என் படத்துக்கு எதிரே வைத்தார்கள்.

முதல் வீச்சில் செருகி வைத்ததெல்லாம் கழன்று முன்னால் விழுந்தது. மேலே 'காட்டு யானை, பின்புறத் தோற்றம்'. வாப்பா அதைப் பார்த்தார்.

"யா அல்லாஹ்! பேர எழுதியே வெச்சிட்டானே!"

விசிறி போய்விட்டுத் திரும்பி வந்தது. தாள்கள் பறந்தன. 'வேளாண்மைக் கள்ளன்'.

"பாத்தியளா!" என்று போடியார் நெஞ்சை நிமிர்த்தினார். வாப்பாவோ பதறிப்போய் முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து அந்த எழுத்தை மூடினார். "காக்கா, அப்பிடிச் சொல்லாதீங்க. அவருக்குக் கேக்கும். என்ட வயல் இன்னும் வெட்டல்ல!"

மூடின கையை எடுத்ததும் விசிறி மறுபடி வந்தது. 'பெரியவர் போகிறார்'.

"ஆரு பெரியவர்?" போடியாரின் மீசை துடித்தது. "என்ட ரெண்டேக்கரத் திண்டவனுக்கு மரியாதையோ? அவருக்கு நாற்காலியும் போட்டுக் குடுங்களன்!"

அடுத்த வீச்சில் 'முதுகுகள் பேசும் மௌனம்' வந்தது. வாப்பாவும் போடியாரும் அதை வாசித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இது ஆருட?" என்று வாப்பா கேட்டார். பெற்றவன் பக்கத்தில் நின்றும் அந்தத் தலைப்பு அன்றைக்கு அநாதையாகத் தொங்கியது.

மாஸ்டர் நடந்து வந்து விசிறியைக் கையால் பிடித்து நிறுத்தினார். "றஹீம், எதடாப்பா உன்ட தலைப்பு?" என்று கேட்டார். வாப்பாவும் கேட்டார். போடியாரும் கேட்டார். மூன்று முகமும் என்னையே பார்த்தன.

"ஓம்," என்றேன்.

ஜெஸீமாவின் தங்கச்சி முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். ஆனால் போடியார் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி வாப்பாவிடம் அவர் சொன்னது எனக்கு இன்னமும் அப்படியே கேட்கிறது.

"தம்பி ஆதம்பாவா, ஒரு படத்துக்கு ஆளுக்கொரு பேரக் காட்டுறான் ஒண்ட மகன். உத்தியோகமும் இப்பிடித்தானோ? நமக்கு ஒண்டு, மத்தாக்களுக்கு ஒண்டோ?"

வாப்பாவின் முகம் செத்துப்போனது. நான் எழுதுவினைஞர்தான், சங்கத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் ஒருவரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, எல்லாரும் சந்தோசமாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன். ஆனால் செய்தது ஏமாற்றுத்தான் என்பது அந்த நிமிசத்தில்தான் உறைத்தது. வெட்கத்தில் அழுகை வந்தது. ஜெஸீமாவுக்கு முன்னால் அழக்கூடாதென்று அந்த யானையின் வாலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அட்டாளைச்சேனையில் ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்புகிற சத்தம் காதில் கேட்டது.

அப்போது ஜெஸீமா முன்னால் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மாஸ்டரின் பையிலிருந்த பேனையைக் காட்டி, "சேர், அதத் தாங்களன்," என்றாள். பிறகு தகப்பனிடம் திரும்பினாள்.

"வாப்பா, நீங்க வயலுல காவலிரிந்துட்டுக் காலையில வீட்டுக்கு வருவீங்களே, உம்மா கதவத் தொறந்தொண்ண என்ன சொல்லுவீங்க?"

போடியார் யோசித்தார். "என்னத்தச் சொல்ற? விடிஞ்சிட்டெண்டு சொல்லுவன்."

"அவரு வந்த எண்டு சொல்ல மாட்டீங்களா? போன எண்டு?"

"அதென்னத்துக்குச் சொல்ற? விடிஞ்சிட்டெண்டா அவரு போயிட்டாரெண்டு உம்மாக்குத் தெரியுந்தானே."

(கள்ளன் 'அவரு' ஆனதைப் போடியார் கவனிக்கவில்லை. வாப்பா கவனித்தார். லேஞ்சியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.)

ஜெஸீமா நாலு தாளையும் கழற்றினாள். ஒன்றைத் திருப்பி வெறும் பக்கத்தில் எழுதினாள்: 'விடிஞ்சிட்டு'. குண்டூசியால் குத்தினாள். மூலையிலிருந்த மஞ்சளைக் காட்டி, "இந்தா, வெளிச்சமும் போட்டிரிக்காரு," என்றாள்.

அது கதவுப் பெயின்ட் என்று நான் சொல்லவில்லை. அது விடியல் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

அந்தச் சொல்லுக்குக் கீழே நின்று பார்த்தால் படமே வேறாக இருந்தது. கல்லும் இல்லை, மூட்டையும் இல்லை, கள்ளனும் இல்லை. இரவெல்லாம் முழித்திருந்த ஒருவர் கண்ட முதுகு அது. போடியார் நெடுநேரம் பார்த்தார். "ஓம்," என்றார் மெதுவாக. "இப்பிடித்தான் போவாரு." மாஸ்டரும் தலையாட்டினார். யானை என்ற சொல் இல்லையே என்று அவர் கேட்கவேயில்லை.

பரிசு மயில் வரைந்த ஒருவருக்குப் போனது. மயிலுக்கு முகம் இருந்தது. போடியார் மகள்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் ஆள் வந்தது, சம்மதமாம். போடியார் வீட்டில் என்ன நடந்ததென்று பிறகுதான் தெரிய வந்தது. அவர் நடந்ததையெல்லாம் சொல்லி, இந்தப் பொடியன் சரிவராது, ஓவர்சியரைப் பார்ப்போம் என்றிருக்கிறார். மாமியார் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்ததாம்.

"பொய்யனெண்டா எல்லாருக்கும் ஒரே பொய்யச் சொல்லுவான். இவன் அவங்கவங்க கேட்டத எழுதிரிக்கான். இந்த வீட்டுல நாங்க அஞ்சு பொம்புளைகள் இரிக்கம். வந்து இரிக்கப்போற மாப்பிள்ளை ஓமெண்டு சொல்றவனா இரிந்தாத்தான் எங்களுக்கு நிம்மதி."

எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய் இருப்பது. ஆகவே மாமியார் சொன்னது வெறும் பேச்சல்ல, அது என் நியமனக் கடிதம். அன்றிலிருந்து அந்த வேலையில் ஒரு நாள்கூட நான் லீவு போட்டதில்லை. எனக்குச் சம்மதம் சொல்ல என்ன காரணம், படமா என்று ஜெஸீமாவிடம் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் கேட்டேன். "படமா? உங்கட மொகத்தப் பாத்துப் பாவமெண்டு சொன்ன நான்," என்றாள். வாப்பாவின் வயலுக்கு அந்த முறை பெரியவர் வரவேயில்லை. தன்னுடைய தலைப்பு இரண்டு நிமிசமாவது தொங்கியதால்தான் என்று வாப்பா கடைசிவரை நம்பினார்.

மூத்த மகள் பிறந்து ஏழாம் நாள், முடி இறக்கிப் பெயர் வைக்கப் பள்ளிவாசல் லெப்பை வந்தார். "பிள்ளைட பேர் என்ன?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன்னமே உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது: "லெப்பை, அவரிட்டக் கேக்காதீங்க! ஒரு புள்ளைக்கு நாலு பேர் வெச்சிருவாரு!" அன்று வந்திருந்த அவ்வளவு சனமும் சிரித்தது. அதற்குப் பிறகு பிறந்த மூன்று பிள்ளைகளுக்கும் ஜெஸீமாதான் பெயர் வைத்தாள். வீட்டுக்குப் பெயின்ட் நிறம் தெரிவுசெய்வது, ஆட்டுக்குப் பெயர் வைப்பது, எதிலும் என்னிடம் அபிப்பிராயம் கேட்பது எங்கள் குடும்பத்தில் தடை.

போன மாதம் கடைசி மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. என்ன நினைத்தாளோ, "வாப்பா, இந்தப் புள்ளைக்கு நீங்க பேர் வைங்க," என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னேன். மகளுக்குப் பிடித்தது. மருமகனுக்கும் பிடித்தது.

ஜெஸீமா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்ல பேர்தான். மத்த மூண்டும் என்ன?"

சொன்னேன்.